வாசகர் கேள்வி – பதில்: பாரிமுனைக்குப் பின்னால் ஒரு ஊர்

போன இதழில் சென்னை ஜார்ஜ் டவுனைப் பற்றி ரெண்டே ரெண்டு பத்தி எழுதியிருந்தேன், அதற்கே கடிதங்கள் குவிந்துவிட்டன. எழுதியவர்களில் பாதிப் பேர் அங்கே பிறந்து வளர்ந்தவர்கள், மீதிப் பேர் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போய் வழி தெரியாமல் சுற்றியவர்கள். அதனால் இந்த முறை சினிமா, அரசியல், சமையல் கேள்விகள் எல்லாம் காத்திருக்கட்டும்.

மாதம் ரெண்டு தடவை சரக்கு எடுக்க பாரிமுனைக்கு வருகிறேன். நெரிசலையும் மூட்டை வண்டியையும் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது? – ஒரு வணிகர், விழுப்புரம்

நிறைய இருக்கிறது, ஆனால் எல்லாம் முதல் மாடியில் இருக்கிறது. தரைத்தளம் முழுக்க ஷட்டரும் பெயர்ப்பலகையும்தான். மேலே பார்த்தால் மரக் கிராதி போட்ட தாழ்வாரம், வார்ப்பிரும்புக் கைப்பிடி, சுதையில் செய்த பூங்கொத்து, அதன் நடுவே கட்டிய வருஷம் என்று ஒரு நூற்றாண்டு தொங்கிக்கொண்டிருக்கும். நிமிர்ந்து நடந்தால் தள்ளுவண்டி காலில் ஏறும் என்பது உண்மை, அதனால் ஓரமாக நின்று பாருங்கள்.

முதலில் ஒரே ஒரு கல்லைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பாரிமுனை மூலையில் டேர் ஹவுஸ் இருக்கிறதே, 1940-இல் கட்டிய ஆர்ட் டெகோ கட்டடம், பாரி கம்பெனியின் இடம், அதன் ஓரமாக ஒரு கல் தூண் நிற்கிறது. 1773-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். இந்தத் தூணுக்கும் கோட்டைக்கும் நடுவே யாரும் எதுவும் கட்டக் கூடாது என்பதுதான் அது சொன்ன சேதி. ஜார்ஜ் டவுன் இன்று இருக்கும் இடத்தில் இருப்பதற்கே அந்தத் தடைதான் காரணம். எப்படி என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

கருப்பர் நகரம் என்று பழைய ஆவணங்களில் வருவது இன்றைய ஜார்ஜ் டவுன்தானே? – கல்லூரி மாணவி, சென்னை

பாதி சரி. கருப்பர் நகரம் என்று ரெண்டு ஊர்கள் இருந்தன. ஒன்று செத்துப்போய், அதன் பெயரோடு இன்னொன்று பிறந்தது.

முதல் ஊர் புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டியே இருந்தது. 1640-களில் கோட்டை எழும்போதே அதோடு சேர்ந்து வளர்ந்தது அது. துணிதானே அன்றைக்குக் கம்பெனியின் உயிர்? நெசவாளிகள், சாயம் போடுகிறவர்கள், துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்கள், வியாபாரிகள் என்று கோட்டைக்கு வேண்டிய எல்லோரும் மதிலுக்கு வெளியே நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், 1749-இல் ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தார்கள். அந்த மூன்று வருஷத்தில் ரெண்டு தரப்புக்குமே ஒரே விஷயம் உறைத்தது: மதிலை ஒட்டி வீடுகள் இருந்தால் வருகிற எதிரி அந்த வீடுகளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டு சுடலாம். பிரெஞ்சுக்காரர்கள் மதிலுக்கு அருகில் இருந்ததை இடித்தார்கள், திரும்பி வந்த ஆங்கிலேயர் அடுத்த சில வருஷங்களில் மீதியையும் இடித்து வெட்டவெளி ஆக்கினார்கள். பீரங்கியின் கண்ணுக்கு எதிரே எதுவும் மறைக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. எஸ்பிளனேடு என்று இன்றும் போலீஸ் நிலையத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த வெட்டவெளிதான்.

வீடு இழந்தவர்கள் வடக்கே தள்ளிப்போய், அங்கே ஏற்கெனவே இருந்த முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்ற ரெண்டு பேட்டைகளில் சேர்ந்தார்கள். அதுதான் இரண்டாவது கருப்பர் நகரம், நம் ஜார்ஜ் டவுன். சேர்ந்த இடத்திலும் நிம்மதி இல்லை. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை வந்து இந்தப் புது ஊருக்குள் புகுந்துவிட்டது. சிப்பாய்கள் கொள்ளையில் அகப்பட்ட சாராயத்தைக் குடித்துவிட்டு, முற்றுகை போட வந்ததையே மறந்து தள்ளாடினார்களாம். இரண்டு மாதம் கழித்து ஆங்கிலேயரின் கப்பல்கள் தெரிந்ததும் கிளம்பிப் போனார்கள்.

ஜார்ஜ் டவுன் என்ற பெயர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ஆன இளவரசரின் பெயரால். அதற்குள் பிரெஞ்சுப் பயமும் ஹைதர் அலி பயமும் போய் நூறு வருஷம் ஆகிவிட்டது. வெட்டவெளியில் 1892-இல் உயர் நீதிமன்றம் திறந்தாயிற்று, 1899-இல் பக்கத்திலேயே சட்டக் கல்லூரி. பீரங்கிக்காகக் காலி செய்த நிலத்தில் இன்று கறுப்பு அங்கிகள் நடமாடுகின்றன.

பூக்கடை அருகே தேவராஜ முதலி தெருவில் பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒட்டி இருக்கின்றனவே, ஏன்? – இல்லத்தரசி, ஆவடி

நீங்கள் சொல்வது சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீஸ்வரர் கோயில்கள். அக்கம்பக்கத்தில் பட்டணம் கோயில் என்பார்கள். மேலே சொன்ன முதல் ஊரோடு சேர்ந்து இடிபட்டதில் அந்த ஊரின் பெரிய கோயிலும் ஒன்று. அது இன்றைய உயர் நீதிமன்ற வளாகப் பக்கம் இருந்தது. வீட்டை இடித்தால் ஜனங்கள் முணுமுணுப்பார்கள், கோயிலை இடித்தால் சும்மா இருப்பார்களா? கம்பெனி வேறு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆளுநர் பிகட்டின் துபாஷியாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று, தன் பணத்தையும் போட்டு, 1760-களில் இந்த ரெண்டையும் எழுப்பினார். எனவே இது இடம்பெயர்ந்தவர்களின் கோயில். சாமிக்கும் அதே கதிதான்.

போன இதழில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள உயரமான கல் தூணை நினைவுச் சின்னம் என்று எழுதியிருந்தீர்கள். அது கலங்கரை விளக்கம் ஐயா! – ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், ராயபுரம்

தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். துறைமுகத்துக்காரரிடம் மாட்டிக்கொண்டேன். சென்னையின் முதல் விளக்கு 1796-இல் கோட்டைக்குள் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில் எரிந்தது. அடுத்தது 1844-இல் எழுந்த இந்தத் தூண், கிரேக்கப் பாணி. நீதிமன்றம் எழுந்ததும் அதன் குவிமாடமே தூணைவிட உயரமாகப் போய்விட்டதால் 1894-இல் விளக்கை அங்கே ஏற்றிவிட்டார்கள். நீதிமன்றத்தின் தலையிலேயே கலங்கரை விளக்கம்! 1977-இல் மெரினாவுக்குப் போகும்வரை அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு வீசியபோது நீதிமன்றச் சுற்றுச்சுவரிலும் ஒன்று விழுந்தது, அந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. கெட்டிக்காரனை இன்றைக்கும் நாம் "சரியான எம்டன்" என்பது அந்த ராத்திரியின் மிச்சம்.

வால்டாக்ஸ் ரோடு என்கிறார்களே, சுவருக்கு வரியா? – வாசகர், கும்பகோணம்

ஆமாம், ஆனால் வாங்காத வரி. 1767-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னைக்கு வெகு அருகே வந்துபோனதும் புது ஊரைச் சுற்றி மதில் கட்டினார்கள். குத்தகைக்காரர் பால் பென்ஃபீல்டு. கட்டின செலவை உள்ளே இருக்கிற ஜனங்களிடமே வசூலிக்கலாம் என்று யோசித்தார்கள், கடைசியில் வசூலிக்கவே இல்லை. வரி போய்விட்டது, பெயர் மட்டும் தெருவில் தங்கிவிட்டது. இப்போது அதற்கு வ.உ.சி. சாலை என்று பெயர், ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். மதிலில் மிஞ்சிய ஒரு துண்டு ராயபுரம் பக்கம் இருக்கிறது. அதன் தலையில் பூங்கா போட்டு மாடிப்பூங்கா என்கிறார்கள். கோட்டை மதிலுக்கு இவ்வளவு நல்ல ஓய்வு வாழ்க்கை வேறெங்கும் கிடைத்திருக்காது.

லிங்கிச் செட்டித் தெருவில் தாத்தா காலத்து வீடு எங்களுடையது. மாடி ஒழுகுகிறது. கூரையை இடித்து கான்கிரீட் போடச் சொல்கிறார் மேஸ்திரி. என்ன செய்வது? – வாசகர், அண்ணா நகர்

அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். உங்கள் தலைக்கு மேலே இருப்பது மெட்ராஸ் டெரஸ் என்று ஊர்ப் பெயராலேயே அழைக்கிற கூரை. தெரியாமல் இடிப்பது வேறு, தெரிந்து இடிப்பது வேறு, முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கூடத்தில் படுத்து அண்ணாந்து பாருங்கள். வரிசையாகத் தேக்குக் கட்டைகள் ஓடும், பெரும்பாலும் பர்மா தேக்கு. அவற்றின்மேல் கை அகலத்துக்கு மெல்லிய சின்னச் செங்கற்களைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, ஒரு மூலையில் தொடங்கிச் சாய்வுக் கோட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒரு வரிசையை முந்தின வரிசையே பிடித்துக்கொள்ளும், கீழே முட்டுப் பலகை வேண்டியதில்லை. அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள், நடுநடுவே வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டு. கட்டை துள்ளித் திரும்புகிற அளவுக்கு இறுகினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். கடைசியாக மேலே தட்டோடு என்ற தட்டையான ஓடு. வெயிலில் கான்கிரீட் வீடு அடுப்பாகும்போது இந்தக் கூரைக்குக் கீழே மின்விசிறி போட்டாலே போதும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஒழுகலுக்கு வருவோம். பெரும்பாலும் காரணம் கூரை இல்லை, மழைத் தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்திருக்கும், அல்லது கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்று முளைத்து வேர் விட்டிருக்கும், அல்லது தட்டோட்டின் இடுக்குகள் விட்டுப்போயிருக்கும். இவை மூன்றையும் பார்த்த பிறகு தேக்குக் கட்டையின் நுனி, அதாவது சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதி, கரையான் அரித்திருக்கிறதா என்று பாருங்கள். கெட்டுப்போன கட்டையை மட்டும் மாற்றலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் வேண்டும், கிடைப்பது கஷ்டம், ஆனால் கிடைக்கிறார்கள்.

செய்யக் கூடாதது ஒன்று: ஒழுகலை அடைக்கிறேன் என்று மேலே சிமெண்ட் பூசிவிடாதீர்கள். ஏழுகிணறு பக்கம் என் பெரியப்பா வீட்டில் ஒரு மேஸ்திரி அதைத்தான் செய்தார். சுண்ணாம்பு மூச்சு விடும், சிமெண்ட் விடாது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் கட்டைகளிலேயே தங்கியது. ரெண்டு மழைக்காலம் தாங்கியது கூரை, மூன்றாவதில் கூடத்துக் கட்டை ஒன்று பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. நல்லவேளையாக எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

இன்னொன்று, சுவர்கள் தொட்டால் வழவழவென்று பளிங்கு மாதிரி இருந்தால் அதன்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய மெட்ராஸ் சுண்ணாம்பு அது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் இந்தப் பக்குவத்தை வரிசையாக எழுதியனுப்பி, 1732-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழிலேயே அச்சாகியிருக்கிறது. நம் ஆட்கள் வாயால் சொல்லிக் கொடுத்ததை அங்கே விஞ்ஞானம் என்று அச்சடித்தார்கள்.

அப்படியும் இடிக்கத்தான் வேண்டும் என்று எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து முடிவெடுத்தால், தேக்குக் கட்டையை மேஸ்திரியிடம் "குப்பையோடு எடுத்துப் போ" என்று சொல்லிவிடாதீர்கள். அதன் விலை தெரிந்துதான் அவர் இடிக்கச் சொல்கிறாரோ என்னவோ.

முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் எல்லை எது? – வாசகர், தண்டையார்பேட்டை

பிராட்வே. பிரகாசம் சாலை என்று பெயர் மாறினாலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதற்குக் கிழக்கே, கடல் பக்கம், முத்தியால்பேட்டை. மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை, ஊர்க்காவல் பொறுப்பைப் பரம்பரையாக வைத்திருந்த பெத்த நாயக்கரின் பெயரில். நடுவே ஆத்தபள்ளம் என்று ஒரு ஓடை ஓடியது, பெயருக்கேற்ற பள்ளம்தான். 1780-களில் ஸ்டீபன் பாப்பம் என்ற வக்கீல் அந்தச் சேற்றைத் தூர்த்துச் சாலை போட்டார். பாப்பம்ஸ் பிராட்வே என்று பெயர் வந்தது. மழை நாளில் பிராட்வேயில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தால் ஓடை இன்னும் வழி மறக்கவில்லை என்று தோன்றும்.

ஓடை மட்டும் பிரிக்கவில்லை. வலங்கை, இடங்கை என்று ஜாதிகள் ரெண்டு கட்சியாக நின்று, எந்தத் தெருவில் யாருடைய கல்யாண ஊர்வலம் போகலாம் என்பதற்கு அடித்துக்கொண்ட காலம் அது. 1707-இல் சண்டை முற்றியபோது ஆளுநர் தாமஸ் பிட், வலங்கைக்குப் பெத்தநாயக்கன்பேட்டை, இடங்கைக்கு முத்தியால்பேட்டை என்று பங்கு போட்டார். இடங்கையில் முக்கியமானவர்கள் கம்மாளர்கள், இன்றும் அவர்களுடைய காளிகாம்பாள் கோயில் தம்புச் செட்டித் தெருவில், அதாவது கிழக்குப் பக்கம்தான் இருக்கிறது. தெரு எப்படி வந்தது என்று கேட்டால் பட்டணத்தில் ஜாதி வந்து நிற்கிறது, நான் என்ன செய்ய?

பவளக்காரத் தெருவில் ஒரு பவளக் கடைகூட இல்லையே? – மாணவர், மதுரை

முன்னூறு வருஷம் தாமதமாகப் போயிருக்கிறீர்கள் தம்பி. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் இருந்து யூத வியாபாரிகள் சிலர் இங்கே வந்தார்கள், போர்ச்சுகீசிய வம்சாவளியினர். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப்போனார்கள். வைரச் சந்தை வேறு நாட்டுக்கு நகர்ந்ததும் அவர்களும் நகர்ந்தார்கள். பிறகு அந்தத் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் வந்து அமர்ந்தார்கள், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறுகிறவர்களுக்குத் துறைமுகம் பக்கம்தானே தோது.

இந்தோ சராசனிக் என்று சிவப்புக் கட்டடங்களைப் புகழ்கிறீர்கள். அது உண்மையிலேயே நம் பாணியா? – கட்டடக்கலை மாணவி, கோவை

என்னைக் கேட்டால், அது நம் பாணி என்று வெள்ளைக்காரன் நினைத்த பாணி. 1857-க்குப் பிறகு இந்த மண்ணின் வாரிசு மாதிரி தோற்றம் காட்ட அவர்களுக்கு ஆசை வந்தது, மொகலாயக் குவிமாடத்தையும் வளைவையும் எடுத்து ஐரோப்பியத் தரைப்படத்தின் மேல் வைத்தார்கள். தமிழ்நாட்டுக்கு மொகலாயர் பாணி எவ்வளவு சொந்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் உயர் நீதிமன்றத்தின் நடைகளில் நடந்து பார்த்தால் வாதம் மறந்துவிடும். வரைந்தவர்கள் பிராசிங்டன், ஹென்றி இர்வின் முதலியவர்கள் என்றாலும் எழுப்பியவர் நம்பெருமாள் செட்டியார் என்ற ஒப்பந்தக்காரர். சட்டக் கல்லூரியையும் அவரே கட்டினார். அந்த வளைவுகளில் செங்கல் சேரும் நேர்த்தியைப் பாருங்கள், அது இந்த ஊர்க் கொத்தனாரின் கை.

இதற்கு நேர் எதிர் வேண்டுமா? சராசனிக் மோகம் வருவதற்கு முன்பே 1850-இல், ஒரு தமிழர் விட்டுப்போன சொத்தில் எழுந்த பச்சையப்பன் மண்டபம் ஏதென்ஸ் நகரத்துக் கிரேக்கக் கோயிலைப் பார்த்துக் கட்டியது. வெள்ளைக்காரன் தனக்கு மொகலாயக் குவிமாடம் கட்டிக்கொண்டான், நமக்குக் கிரேக்கத் தூண். என்.எஸ்.சி. போஸ் சாலைக் கடைகளுக்குப் பின்னால் தேடிப் பாருங்கள், தூண்களின் தலை மட்டும் எட்டிப் பார்க்கும்.

சுற்றிப் பார்த்துவிட்டு என்ன சாப்பிடலாம்? – வாசகர், வேலூர்

மிண்ட் தெருவில் முறுக்கு சாண்ட்விச், கடற்கரை ரயில் நிலையம் பக்கம் பர்மாவில் இருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ். ரெண்டையும் ஒரே நாளில் வேண்டாம்.

ஆர்மீனியன் தெருவில் ஆர்மீனியர்கள் இருக்கிறார்களா? தேவாலயத்துக்குள் விடுவார்களா? – ஆசிரியை, திருச்சி

இல்லை, விடுவார்கள். தெருவில் ஆர்மீனியர் யாரும் இல்லை. தேவாலயத்தைக் கொல்கத்தாவில் உள்ள அவர்கள் சமூகம் பார்த்துக்கொள்கிறது. 1712-இல் முதலில் கட்டியது வேறு இடத்தில், இப்போது இருப்பது 1772-இல் எழுந்தது. தரை முழுக்கக் கல்லறைக் கற்கள், அவற்றின்மேல்தான் நடந்தாக வேண்டும், கொஞ்சம் கூச்சமாக இருக்கும். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தையும் பரங்கிமலைக்குப் படிகளையும் தன் செலவில் கட்டிக் கொடுத்த கோஜா பெட்ரஸ் உஸ்கான் இந்தச் சமூகத்துக்காரர்தான்.

நான் போகும்போதெல்லாம் நிற்கிற இடம் ஹருத்தியூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறை. 1794-இல் இந்தச் சென்னையில், தானே எழுத்து வார்த்து அச்சகம் வைத்து, அஸ்தரார் என்று ஒரு பத்திரிகை நடத்தினார். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை. ரெண்டு வருஷம்கூட ஓடவில்லை. பக்கத்து ஆண்டர்சன் தெருவில் இன்றைக்கும் ரீம் ரீமாகக் காகிதம் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள் டீச்சர், கடைகள் மூடியிருக்கும், மணிக்கூண்டில் ஆறு மணிகள் இருக்கின்றன, அடிக்கும்போது அந்தத் தெருவில் வேறு சத்தமே இருக்காது.